வளர்ச்சிக் காரணி

சன்னம் என்றுதான் முதலில் நினைத்தோம்.
எங்கள் பக்கம் தலைக்குள் எது இருந்தாலும்
முதலில் சன்னம்.

வவுனியா ஆஸ்பத்திரியில், ஸ்கான் உறையின் பின்பக்கத்தில்
டொக்டர் பஸ்லியா ஒரு வட்டம் கீறினா.
"இது ரத்தக்குழாய். குறுக்கால வெட்டினது."
வட்டத்தின் ஓரம் முழுக்கத் தட்டையாய்க் கலங்கள்.
உடம்பில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கம் இல்லையாம்.
மூளைக்குள் மட்டும்
ஒன்றின் விளிம்பை மற்றதன் விளிம்போடு
தைத்தே வைத்திருக்கிறதாம்.
தையலுக்கும் பெயர் சொன்னா: குளோடின், ஒக்லூடின்.
உரக்கடையில் கேட்ட பெயர்கள் மாதிரி இருந்தன.

சுகந்தினி சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.
வெளிச்சம் குத்துகிறதென்று
என் சாரத்தை முகத்தில் போட்டிருந்தாள்.
காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் குடம் என்றாள்.
தானே சிரித்தாள். பிறகு சத்தி எடுத்தாள்.

கட்டி ஒரு கொட்டைப்பாக்கு.
சுற்றி நின்ற தண்ணி ஒரு உள்ளங்கை.

நான் வவுனிக்குளத்தில் துருசு திறக்கிறவன்.
தண்ணி என்றால் எனக்கு விளங்கும்.
எங்கே உடைப்பு என்று கேட்டேன்.

"உடைப்பில்லை அண்ணை. கேட்டாங்கள், திறந்திட்டுது."

கட்டி அந்தரப்பட்டு வளருது.
நடுவில் கிடக்கிற கலங்களுக்கு மூச்சு எட்டவில்லை.
மூச்சு எட்டாதது ஒரு புரதத்தை எழுதி அனுப்புது:
எனக்கும் ஒரு குழாய்.
அந்தக் கடிதத்துக்குப் பெயர் வளர்ச்சிக் காரணி.
குழாய்ச் சுவரின் கலம் அதை வாசிக்கும்,
தளிர் விடத் தொடங்கும்.
தளிர் விடவேணுமென்றால்
பக்கத்தில் நிற்கிறதின் கையை விடத்தானே வேணும்?
தையல் பிரியுது.
பழைய குழாய் கசியும்.
புதுக் குழாய் பிறக்கும்போதே பொத்தல்.

மூடச் சொல்லும் கடிதமும் இருக்கிறதாம்.
குழாயை வெளியிலிருந்து கட்டிப்பிடித்து நிற்கிற கலங்கள்
எழுதுவது.
இங்கே அவை பிடி நழுவி, தள்ளி நிற்கின்றன.
எழுதினாலும் சத்தம் போதாது.

சிறுபோகக் கடைசியில்
வாய்க்கால் கடைக்கோடியிலிருந்து
இராமுழுக்கப் போன் வரும்.
"கதிர் வாற நேரம். அரை அடி திறவுங்கோ."
பொய் சொல்கிறவர்கள் இல்லை.
வயல் வெடித்துத்தான் கிடக்கும்.
எனக்குக் கணக்குக் கொப்பி இருக்கிறது, இன்ஜினியர் இருக்கிறார்,
ஏலாது என்று சொல்லிவிட்டு
நித்திரையில்லாமல் கிடக்க ஒரு பாய் இருக்கிறது.
கலத்துக்கு இதில் எது இருக்கு?

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது.
இதே காரணிதானாம்,
எண்பத்திரண்டில், ஒட்டுசுட்டானில்,
தாயின் வயிற்றுக்குள் இவள் ஒரு விரல் நீளம் இருக்கையில்,
இவள் மூளைக்கு முதல் குழாயை வெட்டுவித்தது.
அன்றைக்கும் மூச்சுக் கேட்டார்கள்.
அன்றைக்கும் திறந்தது.
அதனால்தான் கோப்பைக்குக் கோப்பை என்று பெயர் வந்தது.
டொக்டரிடம் சொன்னேன், இது நியாயமில்லை என்று.
அவ பேனையை மூடினா.

நாளுக்கு நாலு தரம் டெக்ஸாமெதசோன்.
தையலைக் கொஞ்சம் இறுக்கும், கட்டியைத் தொடாது.
மூன்றாம் நாள்
சாரத்தை விலக்கிப் பார்த்தாள்.
முகம் ஊதி, பசி வந்து,
இடியப்பம் கேட்டாள், சம்பலோடு.
கண்டியில் ஒப்பரேசனுக்குத் திகதி தந்திருக்கிறார்கள்.
பஸ்ஸில் போக வேண்டாமாம், குலுக்கும்.

"துருசில இப்ப ஆர் நிக்கிறது?"

மரியதாசன்ர மகன், என்றேன்.

விரலில் ஒட்டிய தேங்காய்ப்பூவை நக்கிக்கொண்டு
கொஞ்சம் யோசித்தாள்.

"அவன் கூடத் திறந்துவிடுவான்.
ஆராவது கேட்டா
பாவம் பாக்கிற பிள்ளை."